விருப்ப நேரம்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் இருக்கும் சுபவர்ணா பீங்கான் தொழிலகம் கழிப்பறைக் கோப்பைகள் செய்கிறது. கொளஞ்சிநாதன் அங்கே பதினாறு வருடமாக டிராலி தள்ளுகிறவன். சூளையிலிருந்து இறங்கிய கோப்பைகளை இரும்பு டிராலியில் அடுக்கி, முன்வாசலை ஒட்டிய கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். சூளையிலிருந்து வாசல்வரை தரை சரிவு. எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் டிராலியே சொல்லிக்கொடுத்தது.

அவன் பயந்த சுபாவம். சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் யாரைக் கண்டாலும் அவனுக்கு வாய் உலர்ந்துவிடும். பஸ்ஸில் செக்கிங் ஏறினால், டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து நிற்பான். போனில் பதிவுசெய்த குரல் கடன் வேண்டுமா என்று கேட்டால்கூட, அது பேசி முடிக்கும்வரை “சரிங்க, சரிங்க” என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பான்.

அந்த மார்ச் மாதம், பாதுகாப்பு வாரத்தின் இரண்டாம் நாள், காலை ஒன்பது ஐம்பத்தெட்டுக்குச் சங்கு ஊதியது. ஊதிய இரண்டு நிமிடத்துக்குள் எல்லோரும் பின்பக்க மைதானத்தில் உறுதிமொழிக்கு வரிசையாக நிற்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி மதிவாணன் பெயர்ப் பட்டியலோடு முன்னால் நிற்பார். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அரைநாள் சம்பளம் போகும்.

கொளஞ்சிநாதன் அப்போது பன்னிரண்டு கோப்பைகளோடு சரிவின் நடுவில் இருந்தான். மரக்கட்டை முப்பது தப்படி பின்னால், சூளை வாசலிலேயே கிடந்தது. திரும்பிப் போய் எடுத்துவந்தால் பெயர் தாண்டிவிடும். உடைந்த கோப்பைச் சில்லு ஒன்று காலடியில் கிடந்தது. அதைச் சக்கரத்தின் கீழே கொடுத்தான். டிராலி நின்றது. தப்பு என்று தெரிந்தேதான் ஓடினான்.

பெயர் கூப்பிட்டு முடிந்தது. நூற்றுத் தொண்ணூறு பேர் வலது கையை நீட்டினார்கள். மதிவாணன் மைக்கில் ஒரு வரி சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். “எனது பாதுகாப்பே எனது குடும்பத்தின் பாதுகாப்பு” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கொளஞ்சிநாதனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு கரகரப்பு. அவனுக்கு அது எந்த டிராலி, எந்தச் சக்கரம், எவ்வளவு பாரம் என்பது வரைக்கும் தெரிந்தது. சத்தம் வேகம் எடுத்தது. வாசலின் இரும்புக் கேட் இடிபட்டுத் திறந்த சத்தம் வந்தது. பிறகு ஒரு பெண்ணின் அலறல்.

வரிசை கலைந்தது. மதிவாணன் மைக்கில் சொன்னார்: “யாரும் கைய எறக்காதீங்க. போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்க. பாதியில நிறுத்தினா மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

முதலிலிருந்து ஆரம்பிப்பதைவிட முடிப்பதே சீக்கிரம் என்று எல்லோருக்கும் தோன்றியது. இன்னும் நான்கு வரிகள் இருந்தன. அலறலுக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்கள். கடைசி வரி, “விபத்து நேரும்போது தாமதமின்றி உதவிக்கு ஓடுவேன்” என்பது. அதைச் சொல்லி முடித்ததும் ஓடினார்கள். மணி பத்து பதினொன்று.

டிராலி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க மதகுச் சுவரில் முட்டி நின்றிருந்தது. சுவருக்கும் டிராலிக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வலது கால். கோப்பைகள் சிதறிக் கிடந்தன. ஒன்று மட்டும் உடையாமல் ரோட்டின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ரவிக்கைத் துணிகள் பையிலிருந்து விழுந்து ரத்தத்தில் ஊறிக்கொண்டிருந்தன. அவள் பெயர் பூர்ணிமா, முப்பத்திரண்டு வயது, இரண்டு தெரு தள்ளித் தையற்கடை வைத்திருந்தவள், துணி கொடுக்கப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தாள். இவை எல்லாம் கொளஞ்சிநாதனுக்குப் பிறகுதான் தெரிந்தன. அப்போது அவள் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“அண்ணே, காலு இருக்குதா பாருங்க. எனக்குத் தெரியில.”

அவன் பார்த்தான். “இருக்குதும்மா” என்றான். அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றியதும் அவன்தான். அதற்குப் பிறகு பல நாள் அவன் சோற்றில் கை வைத்தால் அந்தக் கால்தான் தெரிந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றினார்கள். உள்ளே கம்பி வைத்தார்கள். முட்டி இனி மடங்காது என்றார்கள்.

*

விபத்துக்கு மூன்றாம் நாள் மேலாளர் கோகுலகிருஷ்ணன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏ.சி. குளிரில் மதிவாணன் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“சங்கு ஊதினப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்த?” என்றார் மேலாளர்.

“டிராலி தள்ளிக்கிட்டு இருந்தங்க சார்.”

“ஊதினதுக்கு அப்புறம்?”

“உறுதிமொழிக்கு ஓடியாந்தங்க.”

“யாரு ஓடச் சொன்னா?”

கொளஞ்சிநாதன் யோசித்தான். “சங்குதாங்க சார்.”

“சங்குக்கு உத்தரவு போடற அதிகாரம் கெடையாது” என்றார் மதிவாணன், நோட்டிலிருந்து தலை நிமிராமல். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினார். “சார், பாதுகாப்புங்கறது ஒரு உணர்வு. உணர்வ யாரும் உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. பன்னெண்டு வருஷமா நான் இங்க பாதுகாப்பு அதிகாரியா இருக்கேன். பாதுகாப்பா இருன்னு ஒரு தொழிலாளிக்காவது நான் உத்தரவு போட்டிருக்கனா? ஒருத்தனக் காட்டச் சொல்லுங்க பாப்போம். எல்லாம் அவங்கவங்க விருப்பம்தான்.”

மேலாளரின் முகம் மெல்ல மலர்ந்தது. “இதை எழுத்துல குடுங்க” என்றார்.

மதிவாணன் பதினான்கு பக்கத்தில் கொடுத்தார். ஒரு தொழிலாளி வேலை செய்யும்போது கவனக்குறைவால் பிறருக்குக் காயம் ஏற்படுத்தினால் முதலாளிதான் பொறுப்பு என்று சட்டம் சொல்வதை அறிக்கை மரியாதையோடு ஏற்றுக்கொண்டது. ஆனால் சங்கு ஊதிய ஒன்பது ஐம்பத்தெட்டோடு கொளஞ்சிநாதனின் வேலை நின்றுவிட்டது. உறுதிமொழி முடிந்த பத்து பதினொன்றுக்குத்தான் மறுபடி தொடங்கியது. நடுவிலுள்ள பதின்மூன்று நிமிடம் அவன் பாதுகாப்பின் மீது பற்றுக்கொண்ட ஒரு தனி மனிதன். டிராலி உருண்டது பத்து ஒன்பதுக்கு. ஆகவே காயப்படுத்தியது அந்தத் தனி மனிதன். தொழிலகத்தின் டிராலி அந்தத் தனி மனிதன் பொறுப்பில் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு எதிரே ‘ஆராயப்படவில்லை’ என்று எழுதியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்த பூர்ணிமாவுக்குத் தொழிலகம் ஒரு கடிதம் அனுப்பியது. தங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம். தங்களைக் காயப்படுத்தியவர் அந்த நேரத்தில் எங்கள் ஊழியர் அல்ல. எனினும் தங்களைத் தூக்கிச் சென்றவர் எங்கள் ஊழியர்தான் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறோம் என்று அதில் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரே என்பதைக் கடிதம் சொல்லவில்லை.

*

அந்த அறிக்கை நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. இவ்வளவு நல்ல கருத்தை உறுதிமொழிக்கு மட்டும் வைத்துக்கொள்வது வீண் என்று பட்டது.

சித்திரையில், பாரம் தூக்கும் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும் வேலை, தொழிலாளி தன் விருப்பத்தில் செய்வதாகக் கணக்காகும் ‘விருப்ப நேர’த்தில் சேர்க்கப்பட்டது. ஒரு சின்னச் சங்கு ஊதும். வண்டி ஓட்டுகிறவர் ஒரு பதிவேட்டில் ‘மனமுவந்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரிவர்ஸ் எடுப்பார். ஆனியில், சூடான சூளையிலிருந்து சரக்கு இறக்குவது சேர்ந்தது. ஆவணியில் மண் அரைக்கும் இயந்திரத்துக்கு பெல்ட் மாற்றுவது, மேற்கூரையில் ஏறுவது, கரண்டு வயரைத் தொடுவது. புரட்டாசிக்குள் முழு வேலை நேரமாக மிஞ்சியது சாப்பாட்டு நேரம் ஒன்றுதான். சாப்பிடும்போது யாரும் யார் காலையும் உடைப்பதில்லை.

ஐப்பசியில் சூளைப் பிரிவு விருத்தகிரியின் வலது கை வெந்துபோனது. முழங்கை வரைக்கும் தோல் உரிந்து நின்றவரிடம் மதிவாணன் ஓடிவந்து பதிவேட்டைத்தான் முதலில் பார்த்தார். கையெழுத்து இருந்தது. பெருமூச்சு விட்டு, “நல்லவேள, வேலையில இல்ல” என்றார். மறுநாள் வாசலில் புதிய ஃப்ளெக்ஸ் தொங்கியது: ‘வேலை நேரத்தில் விபத்து – இருநூறு நாட்களாகப் பூஜ்யம்.’

கொளஞ்சிநாதன் தினமும் அந்த ஃப்ளெக்ஸின் கீழேதான் உள்ளே போனான். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சங்கு ஊதும். ஒவ்வொரு தடவையும் அவன் கை தானாகவே டிராலியை இறுகப் பிடித்துக்கொள்ளும். இப்போது யாருடைய ஆள் என்று தெரியாமல் தள்ளுவது அவனுக்கு இருட்டுக் கிணற்றில் கால் வைப்பதுபோல இருந்தது. மரக்கட்டையை இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டான். அதைக் கழற்றச் சொன்னார்கள். தொழிலகத்தின் கட்டையைத் தனி மனிதன் இடுப்பில் கட்டக் கூடாதாம்.

*

தை மாதம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. பூர்ணிமா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தாள். முதல் பிரதிவாதி கொளஞ்சிநாதன். இரண்டாம் பிரதிவாதி தொழிலகம். அவன் மனைவி வளர்மதி சம்மனைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, உங்க பேரு ஏன் மேல இருக்குது?”

“தெரியில.”

“கம்பெனிக்கு மேலயா நீங்க?”

அவன் அதைக் காட்ட மேலாளரிடம் போனான். கோகுலகிருஷ்ணன் அன்பாக இருந்தார். அது அவனை இன்னும் பயமுறுத்தியது.

“ஒண்ணும் பயப்படாத கொளஞ்சி. நம்ம வக்கீலே உனக்கும் ஆள் போடறாரு. நீ ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். என் சொந்த விருப்பத்துலதான் போனேன், கம்பெனி சொல்லலன்னு. அவ்வளவுதான்.”

“சொன்னா என்னா ஆவுங்க சார்?”

“கம்பெனி மேல கேஸு நிக்காது.”

“என் மேலங்க?”

மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். “உனக்கு என்ன இருக்குது? ஒரு வூடு. அவ்வளவுதானே. கம்பெனிக்கு எவ்வளவு இருக்குது யோசிச்சுப் பாரு. யாருக்கு இழப்பு அதிகம்? நீயே சொல்லு.”

அவன் யோசித்துப் பார்த்தான். கம்பெனிக்குத்தான் அதிகம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது வளர்மதி அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். “வூட்ட எடுத்துக்குவாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

பூர்ணிமா இருந்த தெருவழியாக அவன் மூன்று தடவை போய்த் திரும்பினான். நான்காம் தடவை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, எத்தன தடவ நடப்பீங்க? உள்ள வாங்க.”

அவள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து கையாலேயே புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினைத் துணி போட்டு மூடியிருந்தது. மிதிக்கிற மெஷின். கொளஞ்சிநாதன் நின்றுகொண்டே இருந்தான்.

“கட்டைய வெக்காம வந்துட்டம்மா. தப்பு என்னோடதுதான்.”

“அது எனக்குத் தெரியும்” என்றாள் அவள். “ஏன் வெக்காம போனீங்க?”

“சங்கு ஊதிட்டாங்க. போவலன்னா அரநாள் சம்பளம் பூடும்.”

“அப்ப அதக் கோர்ட்டுல சொல்லுங்க.”

“சொன்னா வேல பூடும்மா.”

“சொல்லலன்னா உங்க வூடு எனக்கு வரும். உங்க வூட்ட வெச்சிக்கிட்டு நான் என்னாண்ணே பண்றது? உங்க பொண்டாட்டி புள்ளைங்கள எங்க எறக்கிவுடறது? அத வித்தாக்கூட என் வைத்தியத்துக்குப் பத்தாது.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ரோட்டுல எது உருண்டு வந்தாலும் எனக்கு ஒடம்பு தூக்கிப் போடுது. பயம் உங்களுக்கு மட்டுந்தான்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்களா?”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினான். என்ன சொல்வதென்று அப்போதும் அவன் முடிவுசெய்யவில்லை.

*

வழக்கு அடுத்த வருடம் ஆடியில் விசாரணைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஒரு வாரம் முழுவதும் மதிவாணன் அவனுக்குப் பாடம் நடத்தினார். அந்த ஒரு வாரமும் விருப்ப நேரம்தான். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். “என் சொந்த விருப்பத்தின் பேரில்” என்பதை அவன் நூறு தடவை சொன்னான். கனவிலும் சொல்கிறான் என்று வளர்மதி சொன்னாள்.

சாட்சிக் கூண்டில் ஏறினான். கம்பியைப் பிடித்துக்கொண்டான். கம்பெனி வக்கீல் கேட்டதும் பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்தான். பின்வரிசையில் கோகுலகிருஷ்ணன் தலையாட்டினார். அதன் பிறகு பூர்ணிமாவின் வக்கீல் சிவசங்கரி எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“சங்கு ஊதினா எத்தன நிமிஷத்துல போய் நிக்கணும்?”

“ரெண்டு நிமிஷங்க.”

“போகலன்னா?”

அவன் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதியைப் பார்த்தான். அவர் கையில் பேனா இருந்தது.

“அரநாள் சம்பளம் புடிப்பாங்க.”

“சொந்த விருப்பத்துல போற எடத்துக்குப் போகலன்னா சம்பளம் புடிக்கிறது யாரு?”

கம்பெனி வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, “பதில் சொல்லுங்க” என்றார்.

இத்தனை நாளும் தொழிலகம் நம்பியிருந்தது அவனுடைய பயத்தை. அந்தப் பயம் இப்போது வேறு பக்கம் சாய்ந்தது. மேலாளரைவிடப் பெரியவர் ஒருவர் கேட்கிறார். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். “கம்பெனிதாங்க ஐயா” என்றான். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை. சில்லு கொடுத்ததைச் சொன்னான். தெரிந்தே ஓடியதைச் சொன்னான். சத்தம் கேட்டதைச் சொன்னான்.

“என் டிராலின்னு தெரிஞ்சிதுங்க ஐயா. கைய எறக்கிட்டு ஓடலாமான்னு நெனச்சன். எறக்க வாணான்னு மைக்குல சொன்னாங்க. எல்லாரும் தூக்கிக்கிட்டு நின்னாங்க. நானும் நின்னன். அந்தப் பொண்ணு கத்தக் கத்த நாலு வரி சொன்னங்க.”

கோகுலகிருஷ்ணன் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

கெட்டதைச் சரிக்கட்ட மதிவாணன் கூண்டில் ஏறினார். தன் அறிக்கையின் பதினான்கு பக்கத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு, உறுதிமொழி முழுக்க முழுக்க விருப்பத்தின் பேரில் நடப்பது என்றார்.

“விருப்பம் இல்லாம வராதவங்க எத்தன பேரு?” என்றார் சிவசங்கரி.

“பன்னெண்டு வருஷத்துல ஒருத்தர்கூட இல்லைங்க” என்றார் மதிவாணன், நெஞ்சை நிமிர்த்தி.

“அதெப்படி?”

“சம்பளம் போயிடுமில்ல?”

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. கம்பெனி வக்கீல் தன் ஃபைலை மூடினார்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பெயர் கூப்பிட்டதும், சம்பளம் பிடித்ததும், கையை இறக்கவிடாததும் தொழிலகம்தான். அந்தப் பதின்மூன்று நிமிடமும் அவன் தொழிலகத்தின் வேலையில்தான் இருந்தான். அவன் செய்த கவனக்குறைவுக்குத் தொழிலகமே பொறுப்பு. நஷ்டஈட்டைத் தொழிலகம் கட்ட வேண்டும் என்று நீதிபதி எழுதியிருந்தார். கொளஞ்சிநாதனின் கவனக்குறைவையும் அவர் மறைக்கவில்லை. அந்த வரியைச் சிவசங்கரி படித்துக் காட்டியபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். பூர்ணிமா கோலை ஊன்றியபடி பக்கத்தில் நின்றிருந்தாள். “நாளைக்கு வேலைக்குப் போறீங்களாண்ணே?” என்று கேட்டாள். “போவணும்மா” என்றான். “பயமா இருக்குதா?” “இருக்குது.” அவள் தலையசைத்தாள்.

தொழிலகம் மேல்கோர்ட்டுக்குப் போனது. முதலில் பாதிப் பணத்தைக் கட்டு என்றது மேல்கோர்ட். கட்டினார்கள். பூர்ணிமா மோட்டார் வைத்த மெஷின் வாங்கினாள்.

*

பணம் கட்டிய மறுநாள் காலை கோகுலகிருஷ்ணன் கொளஞ்சிநாதனைக் கூப்பிட்டார். மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு காகிதம் இருந்தது. மதிவாணன் ஜன்னலோரம் நின்றிருந்தார். வளர்மதியிடம் எப்படிச் சொல்வது என்று அதற்குள்ளேயே கொளஞ்சிநாதன் மனசு ஒத்திகை பார்க்க ஆரம்பித்தது.

“இது என்னா தெரியுமா? உன்ன டிஸ்மிஸ் பண்ற ஆர்டர். டைப் அடிச்சு ஒரு மாசமாச்சு” என்றார் மேலாளர். அவர் குரல் ஏனோ அழுவதுபோல இருந்தது. “கையெழுத்துப் போட முடியல.”

“ஏங்க சார்?”

“வக்கீல் வாணாங்கறாரு. அன்னைக்கிக் கட்டை வெக்காததுக்காக உன்ன நீக்கினா, அன்னைக்கி நீ வேலையில இருந்தன்னு நாங்களே ஒத்துக்கிட்டதா ஆயிடும். அப்பீலு அத்தோட போச்சு. கோர்ட்டுல பேசினதுக்காக நீக்கினா, உன் சொந்த விருப்பத்துல பேசினதுக்கு கம்பெனி எப்படி நடவடிக்க எடுக்கும்னு கேப்பாங்க.” காகிதத்தை இழுப்பறைக்குள் தள்ளிச் சாத்தினார். “அப்பீல் முடியற வரைக்கும் உன்ன எதுவும் பண்ண முடியாது. முடிய எட்டு வருஷம் ஆவும்கறாங்க. போ. போய் டிராலியத் தள்ளு.”

கொளஞ்சிநாதன் போகவில்லை. நெற்றியில் வியர்வை இருந்தது. ஆனாலும் அவனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“ஒண்ணு கேக்கட்டுங்களா சார்?”

“என்னா?”

“இப்ப, இந்த நேரத்துல, உங்க எதிர்ல நிக்கிறனே, நான் வேலையில இருக்கனா, இல்லைங்களா?”

கோகுலகிருஷ்ணன் வாயைத் திறந்தார். மூடினார். மதிவாணனைப் பார்த்தார். மதிவாணன் மேற்கூரையைப் பார்த்தார். மேலாளரின் கண் கொளஞ்சிநாதனின் சட்டைப் பையில் தெரிந்த போனுக்குப் போய், அது பதிவு செய்துகொண்டிருக்கிறதோ என்பதுபோல அங்கேயே நின்றது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் அவருடைய மேலுதட்டில் முத்து முத்தாக வேர்த்தது.

“கொளஞ்சி,” என்றார் கடைசியில், மெதுவாக, “டீ சாப்பிடறியா?”